சுவரைக் காட்டிக்கொடுத்த லைட்

லைட் விற்கிறவனுக்கு அண்ணாந்து பார்த்தே கழுத்து போய்விடும். வாங்க வருகிறவர்களோ வாங்கி முடியும்வரை ஒருதரம்கூட அண்ணாந்து பார்ப்பதில்லை. மட்டக்களப்பு டவுனில் ஒரு லைட் கடையில் நிற்கிறேன். சீலிங்குக்குள் புதைந்திருந்து, தலையை மட்டும் வேண்டிய பக்கம் சாய்க்கக்கூடிய லைட்தான் இப்போது எல்லாருக்கும் வேண்டுமாம். விற்பதும் நான், சீலிங்கில் ஏறிப் பூட்டுவதும் நான், பூட்டிய பிறகு ஏச்சு வாங்குவதும் நான். என்னைப்போலக் கடையில் நின்று காலம் கழிக்கிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஏறாவூர் புடவைக் கடை

ஏறாவூரில் ஒரு புடவைக் கடைக்குப் பூட்டினேன். எல்லா லைட்டையும் தட்டுகளில் அடுக்கியிருந்த சாரி, சாரம் பக்கம் சாய்த்துவிட்டு வந்தேன். நிறமெல்லாம் அப்படி எடுப்பாகத் தெரிந்தது. எனக்கே சந்தோசம்.

அடுத்த கிழமை அந்தப் பக்கம் போனால் அத்தனை லைட்டும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. உள்ளே வருகிறவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, துணியைத் தடவிப் பார்த்து எடுக்கிறார்கள். என்ன இது என்று கேட்டேன். முதலாளி ஆறுதலாகச் சொன்னார்: "ரோட்டால போறவனுக்குக் கடை தெரியணும் தம்பி. உள்ளுக்கு வந்தவன் எங்க போகப் போறான்?"

குருக்கள்மடத்துப் பிளேட்

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஓட்டுக் கூரை வேண்டாம் என்று கொங்கிறீட் பிளேட் போட்டு, பூச்சும் முடித்துவிட்டு, புதைக்கிற லைட் கேட்டு வந்தார். போய்ப் பார்த்தேன். லைட் புதைய நாலு விரல் இடைவெளி வேண்டும், பிளேட்டுக்குக் கீழே தனியாகச் சீலிங் அடிக்கவேண்டும் என்று விளக்கினேன். தேத்தண்ணி தந்தார். முதலில் இருந்து கேட்டார். முதலில் இருந்து விளக்கினேன். எல்லாம் விளங்கியதுபோல் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "பரவால்ல தம்பி, பிளேட்டக் கொஞ்சமாச் சுரண்டுங்க. ஒழுகினா அதுக்கு வேற ஒரு ஆளப் பிடிப்பம்."

தேற்றாத்தீவுச் சீதன வீடு

எங்கள் பக்கம் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். வீடு மகளுக்கு, தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு கொட்டிலுக்கு மாறிவிடுவார்கள். தேற்றாத்தீவு பாக்கியம் அக்காவும் மகள் சுதாவுக்காக அப்படித்தான் ஒரு வீட்டைக் கட்டினா. மேசன் பாதியில் விட்டுவிட்டுப் போக, வாவியில் வலை போடுகிற அவவின் புருசனே முன் ஹோல் சுவரைப் பூசி முடித்தார். முதல் வந்த சம்பந்தம் வீடு முடியவில்லை என்றே தட்டிப்போயிருந்தது.

அக்கா போனில் ஒரு படத்தைக் காட்டி, சுவரில் மேலிருந்து வெளிச்சம் வழிகிற மாதிரி வேண்டும் என்றா. சுவருக்குக் கிட்ட வைத்துச் சாய்த்தால் பூச்சில் இருக்கிற பிழையெல்லாம் வெளியே வரும் என்று சொன்னேன். கடைக்காரன் பேச்சை யார் கேட்டார்கள்? பூட்டி முடித்து சுவிச்சைப் போட்டேன். வாடைக்காற்றடிக்கிற நேரத்து வாவி மாதிரிச் சுவர் அலையலையாகத் தெரிந்தது. சுதாவின் தகப்பன் கையால் ஒருதரம் தடவிப் பார்த்தார். மறுநாள் பொழுதுபடும் நேரம் மாப்பிள்ளைப் பகுதி வீடு பார்க்க வருகிறது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா: "இதுவும் தட்டிப்போனா என்ட பிள்ளைக்கு வேற சம்பந்தம் வராது தம்பி. என்னத்தையாவது செஞ்சி சுவர மறைங்க."

லைட் எல்லாவற்றையும் நிலத்தைப் பார்த்துச் சாய்த்தேன். சுவர் நிழலுக்குள் போய்விட்டது.

பார்க்க வந்தவர்கள்

லைட் ஏதும் மக்கர் பண்ணினால் என்று மறுநாளும் என்னை வரச்சொல்லியிருந்தா அக்கா. மாப்பிள்ளையின் தாய் எல்லா அறையும் பார்த்துவிட்டு ஹோலில் வந்து நின்றா. "வீடு நல்லம். சுவர் மட்டும் ஏன் இருட்டாக் கிடக்கு?" சுதாவின் தகப்பன் மெல்ல எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார்.

தேத்தண்ணியோடு வந்த சுதா தட்டத்தை மேசையில் வைத்தாள். "அண்ணே, லைட்டச் சுவர்ப் பக்கம் திருப்புங்க" என்றாள். அக்கா வேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினா. நான் யார் பேச்சைக் கேட்பது? வீடு அந்தப் பிள்ளையினுடையது. ஏணியில் ஏறித் திருப்பினேன். மேடும் பள்ளமும் ஒன்று விடாமல் தெரிந்தது.

"மேசன் விட்டுட்டுப் போன சுவர் மாமி. அப்பா ராவெல்லாம் தோணியில நிண்டுட்டு பகல்ல பூசினது. இதப் பாத்துட்டுச் சம்மதமெண்டாச் சொல்லுங்க" என்றாள் சுதா.

மாப்பிள்ளையின் தாய் சுவரில் கையை வைத்து, ஒரு மூலையில் இருந்து மற்ற மூலைவரை மெல்ல நடந்தா. பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தா. "அந்த மனிசன உள்ளுக்குக் கூப்பிடுங்க. அவர் முற்றத்தில நிண்டா கலியாணத்துக்கு நாள் வைக்கிறத ஆரோட பேசுற?"

அதற்குப் பிறகும் கடைக்கு வருகிறவர்களுக்குச் சுவருக்குக் கிட்ட லைட் வைக்கவேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருப்பாளா என்ன?