இறங்காத அப்பம்

முதலில் சோறுதான் நின்றது. மாட்டுக்கொட்டகை வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்த என் கணவர் சவரிமுத்து, ஒரு கவளத்தை விழுங்க முடியாமல் கண் பிதுங்கத் தண்ணீர் கேட்டார். தண்ணீரும் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. அவசரமாகச் சாப்பிட்டதால் என்று நினைத்தோம். சில வாரங்களில் கஞ்சிதான் இறங்கியது. பிறகு பால் மட்டும்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து ரிக்‌ஷா பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைக்கார டாக்டர் சொன்னதைத் தமிழ் டிரெஸர் (மருந்து கட்டும் உதவியாளர்) எனக்குச் சொன்னார்.

“தொண்டைக்குக் கீழ புற்றும்மா. கத்தி வைக்க முடியாத எடம்னு சொல்றாரு.”

புற்று (ஆறாமல் வளர்ந்துகொண்டே போகும் கட்டி) என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

“அப்ப சாப்பிட என்ன குடுக்கறது?”

“எறங்குற வரைக்கும் குடுங்க.”

இப்படிப்பட்ட நோயாளியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தொண்டை அடைத்துப்போனாலும் பசி அடங்காது. அவர் கண்ணில் படாமல் அடுக்களையில் ஒளிந்து சாப்பிட்டேன். பிறகு எனக்கே சோறு பிடிக்காமல் போயிற்று. எச்சில்கூட உள்ளே போகாமல் அவர் வாயோரம் வழிந்துகொண்டிருந்தது. துடைத்த துணிகளின் நாற்றம் எவ்வளவு துவைத்தும் போகவில்லை.

சாவதற்கு முன் நன்மை வாங்க வேண்டும் (ஆண்டவரின் உடலாகப் பூசையில் தரும் அப்பமான நற்கருணையை உட்கொள்ள வேண்டும்) என்றார். பிரான்சிலிருந்து வந்து புதுச்சேரியில் தமிழ் படித்த எங்கள் கோவில் சாமியார், ஒரு காலையில் வீட்டுக்கு வந்தார். நோயாளி கக்கிவிட்டால் நற்கருணைக்கு அவமதிப்பு. அதனால் பூசையில் வைக்காத வெறும் அப்பத்தில் ஒரு துணுக்கைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்துப் பார்த்தார். இருமலோடு சளியும் ரத்தமுமாக அது வெளியே வந்துவிட்டது.

“ஆண்டவரு என்கிட்ட வரமாட்டேங்கிறாரே, சாமி,” என்று என் கணவர் அழுதார்.

சாமியார் நற்கருணைச் சிமிழை முக்காலியில் வைத்தார். என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டார்.

“விடுங்க சாமி, நான் செய்யறேன்.”

“இல்லை அம்மா. என்னைச் செய்ய விடு.”

மார்பையும் கழுத்தையும் துடைத்தார். பாயில் சிந்தியதை வழித்தெடுத்தார். முகம் சுளிக்கவில்லை.

“அவளுக்குக் குடுங்க, சாமி,” என்றார் என் கணவர். “நான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“நடுராத்திரிக்குப் பிறகு ஏதாவது சாப்பிட்டாயா, அன்னம்மா?” என்று சாமியார் என்னைக் கேட்டார். வெறும் வயிற்றோடுதான் நன்மை வாங்கலாம்.

“தண்ணிகூடக் குடிக்கல.”

சாமியார் கை கழுவி வந்து, அப்பத்தை என் நாவில் வைத்தார். அப்போது என் கணவர் கையைத் தூக்கி என் தொண்டையைத் தொட்டார். நான் விழுங்கினேன். அது இறங்கியது அவர் விரல்களுக்குத் தெரிந்தது. கையை அப்படியே வைத்திருந்தார்.

அதன்பின் அமைதியாகப் போனார் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. மார்பியா (வலி தணிக்கும் மருந்து) கொடுத்தும் முனகிக்கொண்டிருந்தார். பசியோடுதான் போனார்.

இப்போது ஆஸ்பத்திரியில் கவனிக்க ஆளில்லாத பெண்களுக்குக் கஞ்சி ஊட்டப் போகிறேன். ஒரு கரண்டி இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தை அவசரப்படுத்த முடியாது. முன்பெல்லாம் பூசை முடியும் முன்பே அடுப்பு வேலை நினைவுக்கு வரும். இப்போது நன்மை வாங்கிய பிறகு எழுந்திருக்க நேரமாகிறது. என் தொண்டை எனக்கு மட்டும் சொந்தமானதாகத் தோன்றுவதில்லை.