கேட்டது நான்தான்

"அவியளாத்தான் கொடுத்தாவ" என்று அன்றைக்கு ஏன் சொன்னேன்? ஆறு வருடமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. பயத்தில் சொன்னேன் என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். ஆனால் என் மாமியார் என்னை ஒருநாளும் வைததில்லை. அப்படியிருக்க எதற்குப் பயந்தேன் என்று அடுத்த கேள்வி வந்துவிடும்.

எனக்கு ஊர் ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கம். கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் வழக்கம். என் அம்மா கல்யாணத்துக்கு முந்தின வருடமே இறந்துவிட்டதால், ஆஸ்பத்திரியில் மகளைப் பெற்று மூன்றாம் நாள் மாமியார் வீட்டுக்கே வந்தேன். அத்தை அதை ஒரு குறையாகப் பேசியதில்லை. பத்தியச் சாப்பாடு, பிள்ளைக்குக் குளிப்பாட்டு, எனக்கு வேது பிடிப்பது எல்லாம் அவர்தான். வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடியில் லாரி ஆபீஸில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், கையில் பால்சுறா இருக்கும். அத்தை அதைப் புட்டாக்கிப் பூண்டு தட்டிப் போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பார். பால் ஊற வேண்டும் என்று இவ்வளவும் செய்தவர், தண்ணீர் மட்டும் கொடுக்கமாட்டார். ஒரு நாளைக்கு மூன்று தம்ளர் வெந்நீர்.

"தண்ணியக் குடிச்சா வயிறு பானை மாதிரி நின்னுரும். பிள்ளைக்கும் சளி பிடிக்கும். நாப்பது நாளு பொறு" என்பார்.

அது சித்திரை மாதம். அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதையும் காற்றுப்படக் கூடாது என்று சாத்தியிருந்தார்கள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நான் விலங்கியல் படித்தவள். பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் அத்தை ஐந்து பிள்ளைகளைப் பெற்று ஐந்துக்கும் பால் கொடுத்தவர். நான் இன்னும் ஒன்றைக்கூட வளர்க்காதவள். நான் படித்ததை வைத்துக்கொண்டு அவரிடம் எப்படிப் பேசுவது? பேசவில்லை. மூன்று தம்ளர் குடித்தேன். ஒரு நோட்டில் பிள்ளை எத்தனை மணிக்குக் குடித்தது, எந்தப் பக்கம் குடித்தது என்று எழுதி வைத்தேன். எழுதினால் ஏதோ செய்வதுபோல இருந்தது.

எனக்குத் துணை என்றால் வெளியே தகரக் கொட்டகையில் இருந்தவர்கள்தான். எங்கள் வீட்டு முன்னால் அந்தக் கொட்டகை பெரியது, நிழல் உண்டு. தெருவில் ஏழெட்டுப் பெண்கள் காலையிலேயே பசைச் சட்டியோடு வந்து உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவார்கள். பிள்ளை அழுதால் ஒருத்தி எழுந்து உள்ளே வருவாள். விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே, "வாயை மட்டும் கொண்டுபோய் வைக்காத. பிள்ள வயித்த ஒன் வயித்தோட சேத்து அணை" என்பாள். இன்னொருத்தி என் முதுகுக்குத் தலையணை வைப்பாள். புண்ணானபோது உன் பாலையே தடவி ஆறவிடு என்றார்கள். என் நோட்டில் இல்லாத எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதில் ஆட்டுக்காரர் வீட்டு அக்காதான் அதிகம் வருவாள். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி அவள் வீடு. அவள் வீட்டுக்காரர் கோடை முழுக்க எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் அறுவடை முடிந்த காடுகளில் ஆட்டுக்கிடை போட்டுக்கொண்டு போய்விடுவார். இரண்டு வயது மகளோடு அவள் தனியாக இருப்பாள். அந்தச் சின்னவளுக்குப் பால்குடி மறக்கவைக்க ஒரு வாரமாக மார்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, அம்மாவுக்குப் பாலு கசந்துபோச்சு" என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தாள். சின்னவள் தினமும் ஒருமுறை நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்புவாள்.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் போக்குவரத்து உண்டு. ஆனால் அதற்கு ஒரு முறை இருந்தது. அவர்கள் வேறு ஆட்கள், நாங்கள் வேறு ஆட்கள். அக்கா தானாக மோர் கொண்டுவந்தால் அத்தை சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். வீட்டில் மோர் இல்லையென்றாலும் போய்க் கேட்கமாட்டார். அவர்களாகக் கொடுத்தால் அது பிரியம். நாம் கேட்டு வாங்கினால் நாம் ஒரு படி இறங்கியதாக அர்த்தம். இது யாரும் சொல்லித்தராமலே எனக்குத் தெரியும். என் பிறந்த வீட்டிலும் அப்படித்தான்.

இருபதாம் நாள் நர்ஸம்மா வந்தார். கொட்டகை உத்திரத்தில் தராசைத் தொங்கவிட்டு, துணித் தொட்டிலில் பிள்ளையை வைத்தார். முள்ளைப் பார்த்துவிட்டு, "போன தடவைக்கு இப்ப நூறு கிராம் குறைஞ்சிருக்கே. ஏம்மா, பால் பத்தலையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை பிள்ளையைப் பார்த்தார். "பத்துது" என்றேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. ஒன்பது நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் குடிதண்ணீர் திறந்துவிட்டார்கள். அத்தை காலையிலேயே இரண்டு குடத்தோடு பக்கத்துத் தெருக் குழாயடிக்குப் போய்விட்டார். பிள்ளை விடிந்ததிலிருந்து அழுதது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்தேன். நாலு வாய் சப்பும், விட்டுவிட்டு அலறும். பத்து மணிக்கு மேல் அலறவும் தெம்பில்லாமல் முனகத் தொடங்கியது. உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. நோட்டில் அன்றைக்கு எதுவும் எழுதவில்லை.

அக்கா உள்ளே வந்தாள். பின்னாலேயே சேலையைப் பிடித்துக்கொண்டு சின்னவள்.

"என்ன பிள்ள, சத்தமே மாறிப்போச்சு?"

"அக்கா, எனக்கு வரமாட்டேங்கு. ஒரே ஒரு வாட்டி நீங்க குடுங்க."

யோசித்துச் சொன்னதில்லை. அவள் உடனே உட்காரவில்லை.

"யாரு கேக்கா? நீயா, ஒங்க அத்தையா?"

"நாந்தான்."

"சரி. இரு, எண்ணெயக் கழுவிட்டு வாரேன். ஒரு வாரம் பட்ட பாடு இன்னைக்கோட போச்சு" என்று சொல்லி, எங்கள் அடுப்படிப் பானையில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். வரும்போது அதே செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"நீயும் குடி."

குடித்தேன். முழுச் செம்பையும் மூச்சு விடாமல் குடித்தேன்.

பிள்ளை அவள் மடியில் இரண்டு நிமிஷம் தடுமாறியது. பிறகு அந்தச் சத்தம் கேட்டது. விழுங்குகிற சத்தம். இருபத்திரண்டு நாளில் அப்படி நிதானமாக, ஒன்று மாற்றி ஒன்று என்று கேட்டதில்லை. சின்னவள் கிட்டே போய்க் குனிந்து, மிகுந்த அக்கறையோடு, "கசக்கும் பாப்பா, கசக்கும்" என்றாள். பிள்ளை நிறுத்தவில்லை. சின்னவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே ஓட்டமாகக் கொட்டகைக்குப் போய் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"பாப்பா எங்கம்மா பால குடிக்கா! கசக்கவே இல்ல!"

வெளியே ஒரே சிரிப்பு. "ஏட்டி, ஒங்கம்மா கடைய மூடிட்டேன்னுல்லா சொன்னா. பின்வாசல்ல யாவாரம் நடக்கோ?" என்றாள் ஒருத்தி.

அக்கா உள்ளேயிருந்தே, "ஒனக்கும் வேணும்னா கொடத்த வச்சு வரிசையில நில்லு" என்றாள்.

நானும் சிரித்தேன். பிள்ளை அப்படியே தூங்கிப்போனது. அக்கா அதை என் மடியில் வைத்துவிட்டு, தெருவில் அழுது புரண்டுகொண்டிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்போதுதான் கவனித்தேன், என் ஜாக்கெட் இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. அது தண்ணீர் குடித்ததாலா, அந்தச் சத்தத்தைக் கேட்டதாலா, பயம் விட்டதாலா என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

அத்தை குடங்களோடு கொட்டகைக்குள் நுழையும்போது சிரிப்பு ஓயவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். குடத்தை இறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தார். தூங்குகிற பிள்ளையைப் பார்த்தார். தரையில் இருந்த காலிச் செம்பையும் பார்த்தார்.

"நீ கேட்டியா, அவளாக் குடுத்தாளா?"

"அவியளாத்தான் கொடுத்தாவ, அத்தை. நான் அசந்து தூங்கிட்டேன்."

"செம்பு?"

"அவிய கழுவுததுக்கு எடுத்தாவ."

ஒரு பொய்க்கு இரண்டு பொய். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனார். இரண்டு வீடுதானே, எல்லாம் கேட்டது.

"கேக்காம கொள்ளாம எம் பேத்திய எடுத்துப் பாலு குடுக்க ஒனக்கு யாரு சொன்னா?"

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில், அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிட்டால் நல்லது என்றும் ஒரு நினைப்பு வந்தது.

"ஆமாக்கா. நாந்தான் எடுத்துக் குடுத்தேன். பிள்ள அழுதது பொறுக்கல" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "ஒங்க மருமவளுக்கு மொதல்ல தண்ணி காட்டுங்க. எங்க ஆட்டுக்கே நாளைக்கு ரெண்டு வாட்டி காட்டுதோம். தண்ணி காட்டாம மடியப் பிடிச்சா எங்கருந்து வரும்?"

"எம் மருமவள ஆட்டோட சேக்கியோ?"

"ஆடு கத்தியாவது கேட்டுரும்க்கா."

அத்தை திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் ஒரு பெரிய செம்பில் என் தலைமாட்டுக்கு வந்தது. காலி ஆக ஆக அது நிறைந்தது. நாற்பது நாள் முடியும்வரை ஒருநாளும் அந்தச் செம்பு காலியாக இருந்ததில்லை. பிள்ளையும் தேறியது. அடுத்த தடவை நர்ஸம்மா முள்ளைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டு போனார்.

ஆனால் மறுநாள் கொட்டகைக்கு யாரும் வரவில்லை. அக்கா பசைச் சட்டியைத் தெருக்கோடியில் இன்னொரு வீட்டு வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனாள். மற்றவர்களும் அவளோடு போனார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. கேட்காமல் அடுத்த வீட்டுப் பிள்ளையை எடுத்தவள் என்ற பேர் அவளுக்கு வந்திருந்தது. அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து யார் பெட்டி ஒட்டுவார்கள்? பிறகு பிள்ளைக்கு வயிறு உப்பியபோதும், எனக்கு ஒரு பக்கம் பால் கட்டிக் காய்ச்சல் வந்தபோதும் அவர்கள் சிரிப்பு தூரத்திலிருந்து கேட்கும். போய்க் கேட்டிருந்தால் வந்திருப்பார்கள். எந்த முகத்தோடு போவது?

அக்கா என்னிடம் பேசாமல் இல்லை. குழாயடியில் பார்த்தால், "பாப்பா சொகமா இருக்காளா?" என்று கேட்பாள். பதிலுக்கு நிற்கமாட்டாள். என் மகளுக்குக் காது குத்தியபோது பத்திரிகை கொடுக்கும் சாக்கில் போய் என் தப்பைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அத்தையும் கூட வந்தார். பத்திரிகையை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது மகள் ஒன்றாம் வகுப்பு. அக்கா மகள் மூன்றாம் வகுப்பு. ஒரே பள்ளிக்கூடம். போன மாதம் ஏதோ பென்சில் சண்டை. "எங்கம்மா பால குடிச்சிட்டு எங்கிட்டயே சண்டைக்கு வாரியாட்டி?" என்று அவள் கேட்டிருக்கிறாள். என் மகள் வீட்டுக்கு வந்து, "நெசமாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். "நீ ஏன் தரல?" என்றாள். இருந்தது, வரவில்லை என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

எனக்கு இது எட்டாம் மாதம். வைகாசிக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். திரும்பவும் அதே அறைதான். அத்தைக்கு இப்போது முழங்கால் வலி. "இந்த வாட்டி வேணும்கிற மட்டும் தண்ணி குடி" என்று அவரே சொல்லிவிட்டார். அதோடு, பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம், "அம்புட்டுக் கஷ்டத்துலயும் எம் மருமவ வாயத் தொறந்து ஒருத்தர்ட்ட ஒண்ணு கேட்டதில்ல" என்று பெருமையாகச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அக்காவிடம் போய்ச் சொல்லப் புதிதாக எதுவும் இல்லை. கேட்டது நான் என்று அவளுக்குத் தெரியும். நான் மாற்றிச் சொன்னதும் தெரியும். அவள்மீது விழுந்த பேர் போக வேண்டுமென்றால் அத்தையிடம்தான் சொல்ல வேண்டும். சொன்னால், ஆறு வருடமாக அவர் சொல்லிவரும் பெருமை அன்றோடு போகும். எனக்கு அம்மா இல்லாத குறை தெரியாமல் பார்த்தவர் அவர். பிள்ளை பிறக்கும் நேரத்தில் அவர் மனம் நோகும்படி செய்யலாமா? சொல்லாமல் விட்டால், வரப்போகிற பிள்ளை அழும்போது அந்த வேப்பமரத்தடியைப் பார்த்து ஒரு குரல் கொடுக்க எனக்கு வாய் வருமா?

இதைப் படிக்கிற நீங்கள் பிள்ளை பெற்றவர்களாக இருக்கலாம், மாமியாராகவும் இருக்கலாம். நீங்களாக இருந்தால் அத்தையிடம் சொல்வீர்களா? எந்த வார்த்தையில் தொடங்குவீர்கள்? அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்வது நல்லதா, தனியாகச் சொல்வது நல்லதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். வைகாசிக்கு முன்னால் எழுதினால் எனக்கு உதவும்.