ஒரு சுற்று அதிகம்

“சத்தம் கேட்டுச்சா?” என்று அக்கா கேட்டார்.

“என்ன சத்தம்க்கா?”

“ஸ்க்ரூ விழுந்த சத்தம்.”

“இல்லையே.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. தரையில விழுந்தா டிங்குன்னு கேக்கும்.”

“எதுவும் கேக்கலக்கா. ஃபேன் சத்தம்தான் கேக்குது.”

அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, இடது கையில் டார்ச்சோடு தரையில் மண்டியிட்டார். நானும் கவுண்டரைச் சுற்றி வந்து பக்கத்தில் மண்டியிட்டேன். குப்பைக்கூடையை நகர்த்தினோம். மேசைக்கு அடியில் கிடந்த வயர்களைத் தூக்கிப் பார்த்தோம்.

“என்ன கலர்க்கா?”

“கருப்பு. எறும்பு மாதிரி இருக்கும். நடந்தா அது எறும்பு, விட்டுடு.”

சிரித்தபடி நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன்.

“அக்கா, உங்க கையிலதான் இருக்கு.”

“எந்தக் கையில?”

“வலது கையில. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல.”

அக்கா டார்ச் வெளிச்சத்தைத் தன் வலது கையின் மேல் அடித்துப் பார்த்தார். ஸ்க்ரூ அங்கே இருந்தது. நழுவாமல், ஒழுங்காகப் பிடித்தபடியே இருந்தது. 

“அட, நீ இங்கதான் இருக்கியா?” என்றார் ஸ்க்ரூவிடம். பிறகு என்னிடம், “கொஞ்ச நாளா இப்படித்தான். பிடிச்சிருக்கேனா விட்டுட்டேனான்னு பார்த்தாத்தான் தெரியுது” என்றார்.

“வலிக்குதாக்கா?”

“வலிச்சாக்கூடப் பரவாயில்லையே.”

முதலாளி டீ குடித்துவிட்டுப் படியேறி வரும் சத்தம் கேட்டது. இருவரும் எழுந்து அவரவர் இடத்துக்குப் போனோம்.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு லேப்டாப் ரிப்பேர் கடை. மொபைல் உறை விற்கும் கடைக்கு மேல், முதல் மாடியில், ஒரே நீள அறை. வாசல் பக்கம் என் கவுண்டர். உள்ளே இரண்டு மேசைகள். ஒன்று அக்காவுடையது. இன்னொன்று எல்லோரும் ‘டாக்டர்’ என்று கூப்பிடும் டெக்னீஷியனுடையது. நீலக் கையுறை இல்லாமல் அவர் எதையும் தொட மாட்டார் என்பதால் வந்த பெயர். கடைக்கோடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளி. என் வேலை கார்டு எழுதுவது. கடைக்கு வரும் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் ஒரு கார்டு. மேல் பாதியில் லேப்டாப் வந்த நிலை ஒரு மொழியில், கீழ்ப் பாதியில் செய்த வேலை இன்னொரு மொழியில். இரண்டையும் பள்ளியில் படித்திருந்தேன், கையெழுத்தும் சுமாராக இருந்தது. அதனால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

அக்காவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. அந்த மேசையில் உட்கார்ந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. முதலாளி அவரைவிட வயதில் சின்னவர் என்பதால் அவருக்கும் அக்காதான், டாக்டருக்கும் அக்காதான். உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

ஒரு லேப்டாப்பைப் பிரிப்பதை அக்கா எப்படிச் செய்வார் என்று சொல்ல வேண்டும். முதலில் ஒரு வெள்ளைத்தாளில் அதன் அடிப்பக்கத்தைப் பென்சிலால் வரைவார். தாளின் மேல் இரட்டைப் பக்க டேப். கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே தாளில் ஒட்டுவார். பிறகு பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை ஓரத்தில் செருகி இழுப்பார். உள்ளே கிளிப்புகள் ஒவ்வொன்றாக டக் டக்கென்று விடும். “வாயத் திற கண்ணு, ஒண்ணும் பண்ண மாட்டேன்” என்பார். மூடி வந்ததும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பைப் பிடுங்குவார். அதைச் செய்யாமல் உள்ளே எதையும் தொட்டதில்லை.

உள்ளே இருப்பதைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். ஃபேனில் சுற்றிய முடியைக் குச்சியால் எடுத்து, “இவங்க வீட்டுல பூனை இருக்கு. வெள்ளைப் பூனை” என்பார். கீபோர்டுக்கு அடியில் பிஸ்கட் தூள் கொட்டினால், “இவரு டயட்ல இருக்காராம், கார்டுல எழுதிக்கோ” என்பார். ஒரு முறை நகத்துண்டுகள் ஒரு பிடி வந்தன. லேப்டாப்பைத் திரும்ப வாங்க வந்தவரிடம் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, “சார், உங்க பொருளெல்லாம் பத்திரமா இருக்கு, திருப்பிக் குடுக்கட்டுமா?” என்று கேட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் படியேறவே இல்லை. முதலாளிக்கு அதில் வருத்தம்.

கண்ணை மூடிக்கொண்டும் அக்காவால் ஸ்க்ரூ போட முடியும் என்று டாக்டர் சொல்வார். அது உண்மையாகவே இருந்திருக்கும். இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினாலே நாலு மில்லிமீட்டர் நீளமா ஐந்தா என்று அவருக்குத் தெரியும். முறுக்கும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்பதை விரல்தான் சொல்லும், கண் சொல்லாது. “கடைசியில லேசா ஒரு இறுக்கம் வரும். அங்க நிக்கணும். அதுக்கு மேல போனா அது நம்ம கொழுப்பு” என்பார்.

அந்த இறுக்கம் இப்போது அவருக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த நாளில் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக் கிடக்கிறதாம். பத்தொன்பது வருடம் ஸ்க்ரூடிரைவர் முறுக்கிய கை. முன்பே வந்திருந்தால் சரி செய்திருக்கலாமாம். இப்போது கட்டைவிரலுக்குக் கீழே சதையே வற்றிவிட்டதாம். ஆபரேஷன் செய்தால் இதற்கு மேல் மோசமாகாமல் இருக்கலாம், போன உணர்ச்சி திரும்பும் என்று நம்ப வேண்டாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம்.

“எனக்கு முன்னாடியே தெரியும்” என்றார். “ராத்திரி தூக்கத்துல மரத்துப்போய் எந்திரிப்பேன். உதறுனா சரியாயிடும். உதறி உதறியே ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன்.”

பிறகு கண்ணை மூடிக்கொண்டு வலது கையை என் முன்னால் நீட்டினார். “ஏதாவது வை, சொல்றேன்” என்றார். ஒரு நாணயம் வைத்தேன். “ஸ்க்ரூ” என்றார். ஸ்க்ரூ வைத்தேன். “இன்னும் வைக்கலையா?” என்றார்.  கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு டிபன் டப்பாவை மூடினார்.

என்னைத் தவிர, கேன்டீனில் சமையல் வேலை பார்க்கும் அவர் கணவருக்கு மட்டும் விஷயம் தெரியும். சூடான பாத்திரத்தை அக்கா வெறும் கையால் இறக்கி வைத்துவிட்டுச் சாதாரணமாக நின்றதைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெளியூரில் தங்கி இரண்டாம் வருடம் படிக்கும் மகளிடம் சொல்லவில்லை. முதலாளியிடமும் சொல்லவில்லை. சொன்னால் மேசை போய்விடும். அக்காவுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது, வேறு எதையும் செய்ய ஆசைப்பட்டதும் இல்லை.

நான் என்னால் முடிந்த ஒன்றைச் செய்தேன். கார்டுகளைப் பிரித்து இரண்டு மேசைக்கும் கொடுப்பது என் பொறுப்பு. வந்த வரிசையில் மாறி மாறிக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். நான் அதை மாற்றினேன். மெமரி போடுவது, பேட்டரி மாற்றுவது போன்ற பெரிய ஸ்க்ரூ வேலைகள் அக்காவுக்கு. கீபோர்டு, டிஸ்ப்ளே வயர், நுண்ணிய வேலைகள் டாக்டருக்கு. யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

ஐந்து வாரம் ஓடியது. அக்கா இடது கைக்குப் பழகிக்கொண்டிருந்தார். அது மெதுவாக நடந்தது.

“என்னக்கா, அந்த மெஷினோட குடும்பம் நடத்துறீங்களா? காலையிலேர்ந்து ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு” என்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து முதலாளி குரல் கொடுப்பார்.

“குடும்பம்னா சும்மாவா? பேசித் தீர்க்கணும்ல” என்பார் அக்கா.

ஒரு நாள் காலையில் என் கவுண்டருக்கு வந்து, கார்டுத் தட்டை எடுத்து, ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“நேத்து எனக்கு நாலு பேட்டரி. முந்தாநாள் மூணு மெமரி. ஊர்ல யார் வீட்டுலயும் கீபோர்டே கெட்டுப்போகலையா?”

நான் தலை குனிந்துகொண்டேன்.

“பாவம் பார்க்குறியா?”

“இல்லக்கா...”

“டாக்டர் என்ன மடையனா? அவன் எண்ணிட்டுத்தான் இருக்கான். வரிசைப்படி குடு. முடியலைன்னா நானே சொல்றேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை. அன்று வரிசையில் அடுத்து இருந்தது ஒரு பள்ளி ஆசிரியையின் லேப்டாப். ஐந்து எழுத்துகள் வேலை செய்யவில்லை, கீபோர்டு மாற்ற வேண்டும். கார்டை அக்காவின் மேசையில் வைத்தேன்.

அந்த வகை லேப்டாப்பில் கீபோர்டு எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும். மதர்போர்டு உட்பட எல்லாவற்றையும் வெளியே எடுத்தால்தான் அதைத் தொடவே முடியும். அக்கா தாளில் வரைந்தார், ஒட்டினார், பிரித்தார். மதியத்துக்குள் புதுக் கீபோர்டை வைத்துவிட்டார். நான் அடிக்கடி திரும்பிப் பார்த்தேன். மதர்போர்டைத் திரும்ப வைக்கும்போது தாள் முழங்கையில் இடித்து நகர்ந்தது. மூன்று ஸ்க்ரூக்கள் டேப்பிலிருந்து விடுபட்டு மேசையில் உருண்டன. அக்கா அவற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு குட்டை, ஒன்று நீளம். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர். முன்பென்றால் பார்த்திருக்கவே மாட்டார், விரலில் உருட்டியே கண்டுபிடித்திருப்பார்.

நீளமானதைக் குட்டையின் இடத்தில் போட்டார். பழைய பழக்கத்தில் வலது கையாலேயே முறுக்கினார். வேறு யாராக இருந்தாலும் பாதியிலேயே கை நின்றிருக்கும். அக்காவின் கைக்கு எதுவும் தெரியவில்லை. இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். ஸ்க்ரூவின் முனை போர்டுக்குள் இறங்கிவிட்டது.

பேட்டரியை இணைத்து பட்டனை அழுத்தினார். லேசாக ஒரு கருகல் வாடை வந்தது. டாக்டர் நாற்காலியைத் திருப்பினார். அக்கா மறுபடி பட்டனை அழுத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த லேப்டாப்பில் தனியாகக் கழற்றி எடுக்க ஹார்ட் டிஸ்க் கிடையாது. எல்லாம் அந்தப் போர்டிலேயே பற்றவைத்த சிப்புகளில் இருந்தன. டாக்டர் இரண்டு நாள் முயன்றார். எதுவும் வரவில்லை. ஆசிரியை வந்து விஷயத்தைக் கேட்டார். கத்துவார் என்று எல்லோரும் தயாராக இருந்தோம். “அஞ்சு எழுத்து மட்டும்தானே வேலை செய்யல?” என்றார். ஏழு வருடத்துப் பாடக் குறிப்புகள் அதில் இருந்தன. உயிரில்லாத லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார். அக்கா கூடவே கீழே வரை போய்விட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

முதலாளி கார்டைக் கொண்டுவரச் சொன்னார். கீழ்ப் பாதியில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதைப் படித்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

“பத்தொன்பது வருஷத்துல இப்படி ஒண்ணு இல்ல. கவனம் எங்கக்கா போச்சு?”

“வீட்டு நெனப்பு” என்றார் அக்கா.

“வீட்டு நெனப்ப வீட்டுல வச்சுட்டு வரணும்.”

அந்த மாதத்தோடு நின்றுவிடச் சொன்னார். மோசமாகப் பேசவில்லை. வேறு கடையில் கேட்டால் நல்லபடியாகச் சொல்கிறேன் என்றார், சொல்லவும் செய்தார். அக்கா அடுத்த தெருவில் ஒரு கடைக்குப் போனார். ஒரு லேப்டாப்பை முன்னால் வைத்துப் பிரித்து மாட்டச் சொன்னார்களாம். அரை மணி நேரம் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது கடையில் டீயும் இல்லை. மூன்றாவது கடைக்கு அவர் போகவில்லை.

இப்போது கணவர் வேலை பார்க்கும் கேன்டீனில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார். ஒரு நாள் பார்க்கப் போனேன். இடது கையால் கிழித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு டோக்கன் கேட்டவருக்கு இரண்டு வந்துவிட்டது. “கவனிச்சுக் குடும்மா” என்றார் அவர். அக்கா ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார். என்னிடம் லேப்டாப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பூனை வளர்ப்பவர்கள் யாராவது வந்தார்களா என்றுகூடக் கேட்கவில்லை.

கார்டின் ‘காரணம்’ கட்டத்தில் எழுதியது நான். முதலாளி கார்டைக் கேட்பதற்கு முன்னால், நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். வரும்போதே போர்டு செத்திருந்தது என்று எழுதச் சொல்வார் என்று நினைத்தேன். சொன்னால் எழுதியிருப்பேன். அது பொய், கார்டின் மேல் பாதியிலேயே ‘ஆன் ஆகிறது’ என்று என் கையெழுத்தில் இருந்தது, ஆனாலும் ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பேன். அதுவும் இல்லாவிட்டால் உண்மையை எழுதலாம், கை இப்படி ஆகிவிட்டது என்று தெரிந்தால் முதலாளி இரக்கப்பட்டு என் கவுண்டர் மாதிரி ஒரு இடத்தையாவது கொடுப்பார் என்றும் தோன்றியது. அதை மெதுவாகச் சொன்னேன்.

அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். டாக்டர் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கவனக்குறைவுன்னு எழுதும்மா. கவனம் இல்லாதவங்களுக்கு எங்கயாவது ஒரு மேசை கிடைக்கும். கைன்னு மட்டும் எழுதிடாத.”