கூலிக்கு நடந்த வழி

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றங்கரையில் இருந்த ஒரு தீம் பார்க் ரிசார்ட்டில் அப்போது நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வரவேற்பு மேசையில் உட்காருவது, பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் அவர்களோடு பேசுவது, இவைதான் என் வேலை. பாண்டிச்சேரியில் கன்னியாஸ்திரீகளிடம் படித்ததில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது அந்த மொழி ஒன்றுதான். நன்னிலம் பக்கம் வயல் வேலைக்குப் போன குடும்பத்துப் பெண் பிரெஞ்சு பேசுகிறாள் என்று எங்கள் முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைக் காட்டுவார். முதலில் நீச்சல் குளத்தைக் காட்டுவார், பிறகு தண்ணீர்ச் சறுக்கு, அதற்குப் பிறகு நான்.

முதலாளி பழைய மிராசுதார் வீட்டுப் பேரன். நில உச்சவரம்பில் வயல்கள் போனது போக, ஆற்றோரத் தென்னந்தோப்பு மிஞ்சியது. அதைத்தான் ரிசார்ட் ஆக்கியிருந்தார். ஆட்சி மாறினால் அவர் வேட்டிக் கரையின் நிறமும் மாறிவிடும். இரண்டு நிறமும் எப்போதும் சலவை செய்து தயாராக இருக்கும் என்று அவருடைய டிரைவர் சொல்லிச் சிரிப்பார். ஆனால் மனிதர் சிடுசிடுப்பவர் இல்லை. என்னை ஒருநாளும் ஒருமையில் அதட்டியதில்லை.

தோப்புக்குத் தெற்கே ஒரு தெரு. அவருடைய தாத்தாவின் பண்ணையில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். குடியிருந்த மனைகளுக்குச் சட்டப்படி பட்டா கிடைத்திருந்தது. ஆனால் தெருவிலிருந்து ஆற்றுக்குப் போகும் பாதை தோப்புக்குள்ளே ஓடியது, தோப்பு முதலாளி பெயரில் இருந்தது. ரிசார்ட் வந்தபோது சுற்றிலும் மதில் எழுப்பி, பாதையின் வாயில் ஓர் இரும்புக் கதவைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அவர்களுடைய சுடுகாடு ஆற்றங்கரையில் இருக்கிறது. அதற்குப் பிறகு தெருவில் யார் செத்தாலும் மெயின் ரோட்டுக்குப் போய், கடைத்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு தூக்கிப் போகவேண்டும். கடைத்தெருக்காரர்கள் மறிப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த மழைக்காலத்தில் அப்படித்தான் ஒரு கிழவியின் பாடையை நடு ரோட்டில் இறக்கி வைத்துவிட்டு, போலீஸ் வரும்வரை எல்லோரும் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தார்கள். ஆட்சி மாறியது, தாசில்தார் மாறினார், மனு அங்கேயே கிடந்தது. அந்தத் தெருவுக்கு வேண்டியிருந்தது அந்த வழி ஒன்றுதான்.

எங்கள் முதலாளிக்கு வேண்டியிருந்தது வெளிநாட்டுக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரத்தநாட்டிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து சறுக்கில் விழுந்து எழுந்து போவார்கள். அவர்களால் வாரம் முழுக்க அறைகள் நிறையாது. வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே முதலாளி ஒரு மாதிரி கிராமம் கட்டியிருந்தார். கீற்றுக் கொட்டகைகள், சிமெண்ட்டில் ஒரு ஜோடி மாடு, சக்கரம் சுற்ற ஒரு குயவர், சாயங்காலம் ஆனால் கரகாட்டம். சிதம்பரம் பார்த்துவிட்டுத் தஞ்சாவூர் வரும் பிரெஞ்சுக் குழுக்கள் ஓர் இரவு எங்களிடம் தங்கிவிட்டு, அடுத்த தடவை எதிர்க்கரைக்குப் போய்விடுவார்கள்.

எதிர்க்கரையிலும் ஒரு ரிசார்ட் இருந்தது. அங்கே சறுக்கு இல்லை, கரகம் இல்லை, நீச்சல் குளத்தில் பாதி நாள் தண்ணீரும் இல்லை. ஆனாலும் வெள்ளைக்காரர்கள் அங்கேதான் மொய்த்தார்கள். இது முதலாளிக்குப் பொறுக்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வாம்மா என்று என்னை அனுப்பினார்.

நானும் ஒரு சாயங்காலம் விருந்தாளி மாதிரி போய் ஒரு காபி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். புல்தரைக்கு நடுவே ஒரு மண்பாதை போனது. வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் அந்தப் பாதையைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். புல்லுக்கட்டோடு இரண்டு பெண்கள் போனார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள். அப்புறம் ஒருவர் ஒரு வாத்துக் கூட்டத்தையே ஓட்டிக்கொண்டு வந்தார். வாத்துகள் போய் முடியும்வரை ஒரு பிரெஞ்சுக்காரர் கையில் எடுத்த பிஸ்கட்டைக் கடிக்கவே இல்லை. போகிறவர்கள் யாரும் இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் ஒரு தலையசைப்புதான். எங்கள் ஊரில் எனக்குச் சலித்துப்போன காட்சி அது. அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் பறந்து வந்தார்கள் என்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அங்கிருந்த மேனேஜரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். பாதையை மறித்து மதில் எழுப்ப அவர்களும் பார்த்தார்களாம். பக்கத்துத் தெருக்காரர்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்து அடிக்கல்லுக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை நடந்து, கடைசியில் பாதையை விட்டுவிடுவது என்று ஆனதாம். "நாங்க ஒண்ணுமே செய்யலம்மா. அவங்க விடமாட்டேன்னுட்டாங்க. அது எங்களுக்கு இப்படி வந்து விடிஞ்சிருக்கு," என்றார். தகராறில் தோற்றவருக்கு இவ்வளவு வியாபாரம் என்றால் ஜெயித்தவர்கள் என்ன சொல்வார்களோ என்று நினைத்துக்கொண்டே பாலத்தைத் தாண்டி வந்தேன்.

பார்த்ததை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். ஜனங்கள் நடக்கிறார்கள் சார், அதைத்தான் பார்க்கிறார்கள், நம்மிடமும் ஒரு பாதை இருக்கிறது, கதவைத் திறந்தால் போதும் என்றேன். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே கதவு திறந்தது. எப்படித் திறந்தது என்பதுதான் வேடிக்கை.

தெற்குத் தெருவிலிருந்து பெண்களைக் கூலிக்குப் பிடித்தார்கள். காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம், கதவு வழியாக நுழைந்து விருந்தாளிகள் முன்னால் ஆறுவரை நடந்துவிட்டுத் திரும்பவேண்டும். எல்லோருக்கும் ஒரே சிவப்பில் கண்டாங்கிச் சேலை எடுத்துக் கொடுத்தார் முதலாளி. தலையில் நெற்கதிர்க் கட்டு இருக்கவேண்டும் என்றார். அப்போது ஆடி மாதம். வயலில் நாற்றுகூட நட்டாகவில்லை. ஆகவே பழைய வைக்கோலைக் கதிர்க்கட்டு மாதிரி கட்டித் தூக்கிக்கொண்டார்கள். நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் ஓர் அக்காதான் அவர்களுக்குத் தலைமை. முதல் நாள் கட்டைத் தலையில் ஏற்றும்போது அவர் என்னைப் பார்த்து, "ஏம்மா, நடாத வயலுக்கு அறுப்பு அறுக்குறோமே, வெள்ளக்காரவுங்களுக்கு இதெல்லாம் தெரியாதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெள்ளைக்காரர்களுக்குக் கதிர் தெரியவில்லை, புடவை தெரிந்தது. எல்லாரும் ஏன் ஒரே நிறம் கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு பெண்மணி கேட்டார். பண்டிகையா என்றார் இன்னொருவர். நான் மழுப்பினேன். நாற்காலியை யாரும் திருப்பிப் போடவில்லை.

ஆனால் நாளாக ஆக ஒன்றைக் கவனித்தேன். வைக்கோல் கட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. அந்த இடத்தில் புல்லுக்கட்டு வந்தது, சுள்ளி விறகு வந்தது. ஆற்றில் வெளுக்கத் துணி மூட்டை வந்தது. நடவு தொடங்கியதும் நாற்றுமுடிகளைச் சுமந்துகொண்டு போனார்கள், அந்தப் பக்கத்து வயலுக்கு அதுதான் குறுக்குவழி. ஒருநாள் ஓர் ஆட்டுக்குட்டி போனது. எப்படியும் நடக்கவேண்டும், நடக்கிற நடையில் நம் வேலையும் ஆகட்டுமே என்று செய்கிறார்கள் என்று நினைத்தேன். வாட்ச்மேனும் அப்படித்தான் நினைத்துக் கண்டுகொள்ளாமல் இருந்தார். முதலாளி பில்லைத்தான் பார்ப்பார், கட்டைப் பார்க்க மாட்டார்.

ஆவணியில் பிரெஞ்சுச் சுற்றுலாக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் ஒரு குழுவோடு வந்தார். வரும் வருஷத்துக் குழுக்கள் இந்தக் கரையா, எதிர்க்கரையா என்று முடிவு செய்யப்போகிறவர் அவர்தான். முதலாளி புதுக் கரைவேட்டி கட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது தெற்கே பறைச் சத்தம் கேட்டது.

அந்த அக்காவின் மாமனார் முதல் நாள் ராத்திரி இறந்துபோயிருந்தார். எங்களுக்குத் தெரியாது. பெண்கள் காலையில் நடக்க வராததையும், ஆள் வராத நாட்களில் ஒன்று என்றுதான் நினைத்தோம். சத்தம் நெருங்கி நெருங்கிக் கதவுக்கு வெளியே வந்து நின்றது. வாட்ச்மேன் கதவைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார். முதலாளி எழுந்து போனார். கூடவே நானும் போனேன். பின்னாலேயே அந்த பிரெஞ்சு அம்மாளும் குழுவும் என்னவென்று பார்க்க வந்துவிட்டார்கள்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பாடை நின்றது. ஆண்கள் தோளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாடுவரை போவதில்லை, பாதி வழி வந்து திரும்பிவிடுவார்கள். அந்தப் பாதி வழி என்றுதான் அன்று கதவடிவரை வந்திருந்தார்கள். ஒருவர்கூடச் சிவப்புச் சேலையில் இல்லை. அந்த அக்கா அவிழ்ந்த தலையை முடிந்துகொண்டு முன்னால் வந்தார். அழுது குரல் கம்மியிருந்தது.

"பண்ணை, தெனமும் இது வழியா நடக்கத்தான கூலி குடுத்தீங்க. இன்னிக்குக் கூலி வேணாங்க. கதவ மட்டும் தொறக்கச் சொல்லுங்க."

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. தனியாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். போலீஸுக்குப் போன் போயிருக்கும், பாடை மறுபடி கடைத்தெரு நடுவில் இறங்கியிருக்கும். ஆனால் பின்னால் வெள்ளைக்காரர்கள் நின்றார்கள். ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டிருந்தார். முதலாளி அவர்களைப் பார்த்தார், பாடையைப் பார்த்தார், பிறகு என் பக்கம் சாய்ந்து, "இதுவும் நம்ம கிராம நிகழ்ச்சியில ஒண்ணுன்னு அவங்ககிட்ட சொல்லிடும்மா. தொறந்து விட்டுடலாம்," என்றார்.

நானும் அப்படிப்பட்ட ஒரு தெருவில் பிறந்தவள்தான். எங்கள் ஆட்களை எடுத்துப் போகையில் சிலுவை முன்னால் போகும் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது. என் தாத்தாவையும் கடைத்தெருவில் நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். நான் திரும்பி பிரெஞ்சில் சொன்னேன். ஒருவர் இறந்துவிட்டார், இது அவர்களுடைய வழி, ரொம்ப நாளாக மூடியிருந்தது, இப்போது கேட்கிறார்கள் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

கேமராக்காரர் கேமராவை இறக்கினார். தொப்பி போட்டிருந்தவர்கள் கழற்றினார்கள். யாரும் சொல்லாமலே பாதையை விட்டு விலகி இரண்டு பக்கமும் நின்றார்கள். நிகழ்ச்சியை இவ்வளவு மரியாதையாகப் பார்க்கிறார்களே என்று முதலாளிக்கு ஒரே ஆச்சரியம். அவரே வாட்ச்மேனைப் பார்த்துக் கையசைத்தார். கதவு திறந்தது. பறை முன்னால் போக, பாடை தோப்புக்குள் நுழைந்து, சிமெண்ட் மாடுகளைத் தாண்டி ஆற்றுக்குப் போனது. பெண்கள் கதவடியிலேயே திரும்பினார்கள். அந்த அக்கா மட்டும் பாடை கண்ணுக்கு மறையும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் அடங்கிய பிறகு அந்த பிரெஞ்சு அம்மாள் முதலாளியிடம் வந்தார். ஈரக் கண்களோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: சொந்த நிலத்தில் இவர்களுக்கு வழி விட்டிருக்கிறீர்கள், இனி இந்தக் கதவு மூடாது என்று ஊரில் எல்லோரிடமும் சொல்வேன். இதை நான் ஓர் எழுத்து மாற்றாமல் தமிழில் சொன்னேன். ரிசார்ட் ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெருப் பெண்களும் கேட்டார்கள். முதலாளி என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். நான் அவர்களிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு இரண்டு கையையும் கூப்பி, "ஆகட்டும்," என்றார்.

அத்தனை பேர் முன்னால் கையைக் கூப்பி வாங்கிக்கொண்ட பாராட்டை அவரால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கதவு பிறகு பூட்டப்படவே இல்லை. அவர் அதற்கப்புறம் வருகிறவர்களிடம் என்னைக் காட்டுவதை நிறுத்திக்கொண்டார். பிரெஞ்சுக் குழுக்களில் பாதி எங்களிடம் வந்தது. பாதி எதிர்க்கரைக்கே போனது, அங்கே மீன் குழம்பு நன்றாக இருக்குமாம்.

ஒருவர் சொன்னதை மற்றவருக்கு அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லித்தான் இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறேன், ஆனால் அப்படிச் சொல்லாமல் விட்ட அந்த ஒரு மத்தியானத்தை நினைத்தால்தான் நான் படித்த படிப்பு எனக்குச் சொந்தமானது என்று தோன்றுகிறது.