நாற்பத்திரண்டாம் நம்பர் கால்

பதினெட்டு வருடம் நான் சைக்கிள் பந்தயம் ஓட்டிய டீம் என்னை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் முடித்துவிட்டது. "இந்த சீசனில் இளம் வீரர்களோடு பயணிக்க விரும்புகிறோம்." கீழே கைகூப்பிய பொம்மை ஒன்று வேறு. மற்றவன் ஜெயிப்பதற்காக முன்னால் போய் எதிர்க்காற்றை நெஞ்சில் வாங்கியவன் நான். போன் செய்து சொல்லக்கூட ஒருத்தனுக்கும் துப்பில்லை. தூ!

எனக்கு முப்பத்தொன்பது வயது. இன்னும் ஒரே ஒரு சீசன் முதுகில் நம்பர் குத்திக்கொண்டு பந்தயத்தில் ஓட்ட வேண்டும், பிறகு நானாக இறங்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதற்கு ஏதாவது ஒரு டீம் வேண்டும். தெரிந்த மேனேஜர்கள் எல்லாருக்கும் போன் போட்டேன். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள், "உங்களுக்குப் போய் இடம் இல்லாமலா சார்?" என்றார்கள். அப்படிச் சொல்கிறவனிடம் இடம் இருக்காது என்பது எனக்குத் தெரியும்.

முதலில் தேடி வந்தது வேலூரில் பாகாயம் பக்கத்து சைக்கிள் கிளப். பல் டாக்டர், பாங்க் மேனேஜர், ஜவுளிக்கடை முதலாளி என்று இருபது பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒடுகத்தூர் வரை என்னைக் கூட்டிப்போனார்கள். எல்லார் சைக்கிளும் என்னுடையதைவிட எடை குறைவு. ஆனால் குறைய வேண்டிய எடை சைக்கிளுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. அணைக்கட்டு தாண்டுவதற்குள் மூன்று தடவை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். ஒடுகத்தூரில் வடையும் போண்டாவுமாக ஒரு கடையைக் காலி பண்ணினார்கள். திரும்பிப் போக வேன் வந்து நின்றது. நான் மட்டும்தான் மிதித்தேன்.

மறுநாள் பல் டாக்டர் போன் செய்தார். "நீங்கதான் எங்களுக்கு மென்டார். நீங்க ரேஸெல்லாம் ஓட்ட வேணாம் சார். பேனருக்கு முன்னாடி நின்னா போதும்."

என் மனைவி நர்ஸ். பந்தயத்தில் விழுந்து வந்த என்னை எத்தனையோ முறை கட்டுப்போட்டுத் தேற்றியவள். "நல்லதுதானே? நின்னா எலும்பு ஒடையாது" என்றாள்.

"என்னை பொம்மை மாதிரி நிக்க வெக்கிறாங்க."

"வெச்சா இன்னா? இந்த வயசுல எதுக்குங்க பேஜாரு?"

அவளுக்கு என் எலும்பு முக்கியம். மற்றதெல்லாம் அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

அந்த வாரத்திலேயே ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. ஏற்றுமதிக்காகச் சைக்கிள் ஷூ தைக்கப் போகிறார்களாம், அதை மாட்டிக்கொண்டு ஓட்ட சொந்தமாக ஒரு டீம் ஆரம்பிக்கிறார்களாம். என் பேரைக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் மண்டைக்கனத்துக்கு அன்று குறைச்சலே இல்லை. டிரையலுக்கு உடம்பு சூடாக இருக்கட்டும் என்று வேலூரிலிருந்து ஆம்பூர் வரை சைக்கிளிலேயே போனேன்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே, என்னோடு பந்தயம் ஓட்டும் திமிரிக்காரன் தன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன். மேட்டில் ஏறுவதில் எங்கள் பக்கத்தில் அவனை அடிக்க ஆள் இல்லை. அவனுடைய பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டேதான் நான் பல பந்தயங்களை முடித்திருக்கிறேன்.

"இன்னாடா, டிரையல் முடிஞ்சிதா?"

"டிரையலா? கால அளந்தாங்கண்ணா. நாப்பத்திமூணாம். வேணாம்னுட்டாங்க."

கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தபடி உள்ளே போனேன். மேனேஜர் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு விளக்கினார். ஷூ கம்பெனியில் புது மாடலை முதலில் ஒரே சைஸில்தான் தைப்பார்களாம். ஆம்பளை ஷூ என்றால் அது நாற்பத்திரண்டு.

"வெளிநாட்டு பையர் வர்றதுக்குள்ள வேற சைஸுக்கு அச்சு வரவழைக்க டைம் கம்மி சார். அதான் நாப்பத்திரெண்டு கால் இருக்கிற ரைடரா பாத்து எடுக்கிறோம்."

"காலுக்கேத்த செருப்பா, செருப்புக்கேத்த காலா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. "எங்க கிட்ட செருப்புக்கேத்த கால்தான் சார்! போட்டுப் பாக்கறதுக்குன்னே தோல் கட்டிங் செக்ஷன்ல ஒருத்தர் இருக்காரு. அச்சு அசலா நாப்பத்திரெண்டு. சாம்பிள் டைம்ல அவருக்கு லீவே குடுக்க மாட்டோம்."

"வேகம் பாக்க மாட்டீங்களா?"

"அதெல்லாம் சேந்தப்புறம் பாத்துக்கலாம் சார்."

அடப்பாவிகளா! மலையேறுகிறவனை வெளியே பஞ்சர் ஒட்ட விட்டுவிட்டு, உள்ளே ஸ்கேலை வைத்து டீம் எடுக்கிறார்கள். இவர்கள் சமையல்காரனை எடுப்பதாக இருந்தால் கரண்டியைக் கொடுத்துக் கை நீளத்தை அளப்பார்கள். இந்த லட்சணத்தில் சுவரில் "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று போர்டு.

"உங்க சைஸ் இன்னா சார்?" என்று பேனாவைத் திறந்தார்.

எழுந்து வந்திருக்க வேண்டும். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். வாயில் வார்த்தையும் தயாராகத்தான் இருந்தது. ஆனால் சீசனுக்குப் பேர் கொடுக்க அந்த வாரம்தான் கடைசி. இதை விட்டால் பல் டாக்டரின் பேனர்தான்.

"நாப்பத்திரெண்டு" என்றேன்.

ஷூ வந்தது. விரல்களை உள்ளுக்குள் மடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, குதிகாலை இறக்கினேன். மேனேஜர் குனிந்து ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"டைட்டா இருக்கா சார்?"

"சேச்சே. அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு."

அந்த அறைக்குள்ளேயே நாலு எட்டு நடந்தும் காட்டினேன். சிரித்துக்கொண்டே நடந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. கையெழுத்துப் போட்டு, கை குலுக்கி, டீம் பனியனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

திமிரிக்காரன் டயரை மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். என் கையிலிருந்த பனியனைப் பார்த்தான்.

"சேத்துக்கிட்டாங்களாண்ணா?"

"ம்."

"உனக்கும் நாப்பத்திமூணுதானே? போன வருஷம் என் ஷூவ மாட்டிக்கிட்டுத்தானே ஓட்டின?"

நான் குனிந்து என் சைக்கிள் பூட்டைத் திறந்தேன். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

அவன் கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமே இல்லாமல் சொன்னான்.

"கம்மியா சொல்லலாம்னு எனக்குத் தோணவே இல்லண்ணா."