மெதுவாக ஓடிய விண்வெளி

அண்ணன் என்னை "சார்" என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு வருஷமாகிறது. மறதி நோய். மேற்குத் தாம்பரத்தில், கடன் வாங்கித் தானே கட்டிய வீட்டில், குளியலறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்கிறார். நான் இருப்பது சிறுசேரியில். காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் டிராஃபிக், முதுகுவலி, ஆபீஸ் வேலை என்று ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தேன். உண்மையான காரணம் அந்த "சார்"தான். அதைக் கேட்க எனக்குப் பயம்.

பழைய பாட்டுகளைப் போட்டுக் காட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். அண்ணி சினிமாப் பாட்டாகப் போட்டுப் பார்த்துவிட்டு, "எதுக்கும் அசைய மாட்டேங்கிறார் தம்பி" என்று போனில் அழுதார். அப்போதுதான் எனக்கு அந்த கேசட் ஞாபகம் வந்தது. அதற்காவது அவர் என்னை ஒரு தடவை "டேய்" என்று கூப்பிட்டுவிட மாட்டாரா என்று நப்பாசை.

அதில் பாடுகிறவர் யாரும் கிடையாது. வெறும் கிட்டார். கடலலையில் பலகை வைத்துச் சறுக்குகிற வெள்ளைக்காரப் பையன்கள் காலத்து இசை. அதையே கொஞ்சம் நடுங்க வைத்து, விண்வெளிக்குப் போகிறோம் என்று வாசித்திருந்தார்கள். அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரிடமோ இசைத்தட்டை இரவல் வாங்கி, பல்லாவரத்தில் ஒரு கடையில் கேசட்டில் பதிந்து கொண்டுவந்தார். கடைக்காரன் ஆல்பத்தின் பெயரை மட்டும் கிறுக்கியிருந்தான், ஒரு பாட்டின் பெயரைக்கூட எழுதித் தரவில்லை. அதனால் அண்ணனே பெயர் வைத்தார். ஒன்று, 'சந்திரனில் லெவல் கிராசிங்'. இன்னொன்று, 'செவ்வாய்க்குக் கடைசி வண்டி'. எனக்குப் பதினொரு வயது, அவருக்கு இருபத்திரண்டு. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டதால் எனக்கு அப்பாவும் அவர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எதிரே உட்கார்ந்து போனில் அந்த ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். இத்தனை வருஷத்தில் அதன் அட்டையை இப்போதுதான் பார்க்கிறேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கிரகம், அதன் மேல் சாய்ந்தபடி ஒரு கிட்டார். முதல் பாட்டைப் போட்டேன்.

அண்ணன் முகத்தைச் சுளித்தார். "ரொம்ப வேகமா போகுது சார். விழுந்துடும்."

உளறுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்குமே அது யாரோ அவசரக்குடுக்கைகள் வாசித்தது மாதிரிதான் இருந்தது. பிறகுதான் புரிந்தது. எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டர் பழையதாக வாங்கியது. உள்ளே பெல்ட் தளர்ந்து எல்லாவற்றையும் மெதுவாகத்தான் ஓட்டியிருக்கிறது. இரண்டு மக்குகளும் அதுதான் சரியான வேகம் என்று நம்பிவிட்டோம். ஈர்ப்பு சக்தி இல்லாத இடத்தில் எல்லாம் மெதுவாகத்தான் நகரும் என்று அண்ணன் எனக்கு விளக்கம் வேறு சொல்லியிருக்கிறார்.

போனில் வேகத்தை ஒரு படி குறைத்தேன். அண்ணனின் கால் கட்டைவிரல் தாளம் போட்டது. இரண்டாவது பாட்டு ஆரம்பித்ததும், "லெவல் கிராசிங்" என்றார், தெளிவாக. அண்ணி கரண்டியும் கையுமாக அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். அடுத்ததற்கு, "கடைசி வண்டி" என்றார். என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? நாற்காலியை அவர் முழங்கால் இடிக்கும்வரை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இதோ, இப்போது கூப்பிடுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் உள்ளங்கையால் போனை மூடினார். "நிறுத்துங்க சார்."

"ஏன், நல்லா இல்லையா?"

"தம்பி வரட்டும். அவன் இல்லாம கேட்டா ஊரையே கூட்டிடுவான்."

அண்ணி பொறுக்க முடியாமல், "ஏங்க, இவர்தான் உங்க தம்பி" என்றார். அண்ணன் என் வழுக்கையையும் தொப்பையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மரியாதைக்குச் சிரித்தார். "அவன் சின்னப் பையன்."

"அண்ணா, நான்தான் அண்ணா" என்றேன். ஐம்பத்தாறு வயதில் தேம்பி அழுதேன், அண்ணி முன்னால்.

அண்ணனுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். என் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார்.

"உங்களுக்கு அண்ணன் இருக்காரா சார்?"

"இருக்காரு."

"எங்க, வெளியூரா?"

"இல்ல. பக்கத்துலதான்."

"அப்ப இங்க உக்காந்து என்ன பண்றீங்க?" என்றார். "போய்ப் பாருங்க சார். உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாரு."