தேரிக்காட்டுப் பிளாட்பாரம்

நாசரேத்துக்காரி பெனிஷாவுக்குக் கல்யாணங்களில் ட்ரோன் கேமரா பறக்கவிடுவது தொழில். குலசேகரன்பட்டினத்திலிருந்து ஒரு காலத்தில் ஓடிய சின்ன ரயில் மீது அவளுக்குத் தீராத கிறுக்கு. தண்டவாளத்தைப் பெயர்த்து எண்பது வருஷத்துக்கு மேலாகிறது. வழியிலிருந்த ஸ்டேஷன்களைத் தேரி எனும் மணல்மேடு விழுங்கிவிட்டது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனாலும் அந்தப் பக்கம் வேலைக்குப் போனால், முள் அடர்ந்த உடைமரக் காட்டுக்கு மேலே ட்ரோனை ஓட்டித் தேடாமல் அவள் திரும்பியதில்லை.

போன மாதம், சித்தி மகள் ஜாயையும் மாப்பிள்ளை கிங்ஸ்டனையும் படமெடுக்கச் செம்மணல் தேரிக்குப் போனாள். முந்தின வாரம் அடித்த காற்றில் மணல் இடம் மாறியிருந்தது. ட்ரோன் மேலே ஏறியதும், பனைகளுக்கு நடுவே நீளமாக, நேராக ஒரு கல்வரிசை திரையில் தெரிந்தது.

“ஏளா ஜாய், அங்கன பாரு! பிளாட்பாரம்!”

கத்திக்கொண்டே ஓடினாள். மணப்பெண்ணும் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். கிங்ஸ்டன் காலால் மணலைத் தள்ளத் தள்ள, காரை பூசிய படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

“மதினி, நெசமாவே ஸ்டேஷன்தான்!”

பெனிஷாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூவரும் பிளாட்பார விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள். ட்ரோன் மேலிருந்து படமெடுத்தது. ஜாயின் கல்யாண ஆல்பத்தில் அதுதான் முதல் படம்.